சிவப்பு தெரியாதவனின் புறவாசல் பறவைகள்

எனக்குச் சிவப்பும் பச்சையும் மற்றவர்களுக்குத் தெரிவதுபோலத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சிவப்பு மங்கிப்போய், கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். நீலமும் மஞ்சளும் பிரச்சினை இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் இதே பார்வைதான் என்று அம்மா சொல்வார். எக்ஸ் குரோமோசோமில் தாய்வழியாக வந்து ஆண்பிள்ளையிடம் வெளியே தெரிகிற சங்கதி. படிப்பு முடித்து ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, புள்ளிப் புள்ளியாக இருந்த புத்தகத்தை நீட்டி அதில் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனை அது. எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. அந்த வேலை போச்சு. அப்புறம் கணக்கு எழுதும் தொழிலுக்கு வந்துவிட்டேன். நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதுகிற காலமும் மலையேறிவிட்டதால் பிழைப்பு ஓடுகிறது.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பறவை பார்க்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். பறவைக் கையேட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நெற்றி சிவப்பு, முதுகு பச்சை, வாலடி செம்பழுப்பு என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வழி எனக்கு அடைத்திருந்ததால் வேறு வழியாக உள்ளே போனேன். மரத்தில் எந்த உயரத்தில் உட்காருகிறது, எப்படி உட்காருகிறது, வால் சும்மா இருக்கிறதா ஆடுகிறதா, அலகு என்ன வடிவம், என்ன சத்தம். ரொம்ப காலம் இதை ஒரு குறைக்கான மாற்று ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காலை ஆறரை மணிக்கு, வெளிச்சத்துக்கு எதிராக ஒரு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தால் நல்ல கண் உள்ளவர்களுக்கும் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

வீடு பாளையங்கோட்டையைத் தாண்டி, மனைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. புறவாசலில் ஒரு வேம்பு, முருங்கை, கொய்யா, வாழை, கிணற்றடியில் செம்பருத்தி. பக்கத்து மனையில் இன்னும் யாரும் வீடு கட்டவில்லை. அதில் ஒரு பாதாம் மரம், கொஞ்சம் உடைமரம், கோவைக்கொடி ஏறின முள்வேலி. அதற்கு அப்பால் வரிசையாகப் பனைகள். தெருமுக்கில் பிள்ளையார் கோயில் அரசமரம். என் காடு இவ்வளவுதான்.

மாசி பாதியிலிருந்து பங்குனி கடைசி வரை இந்தக் காட்டில் நடப்பது வருஷத்தில் வேறு எப்போதும் நடப்பதில்லை. பாதாம் மரம் இலையைக் கொட்டிவிடும். கொட்டுமுன் இலையெல்லாம் சிவக்கும் என்கிறார்கள். எனக்கு அது காய்ந்துபோன மாதிரிதான் தெரியும். வேம்பு பழைய இலையை உதிர்த்துத் துளிர்விடும், பூக்கும். முருங்கை பூத்துத் தள்ளும். பறவை ஒளிய இடம் குறைவு, வாய் திறக்கக் காரணம் அதிகம். ஊரிலேயே கிடக்கிறவை கூடு கட்ட ஆயத்தமாகிச் சத்தம் போடத் தொடங்கும். ஐப்பசி மழையோடு வடக்கிலிருந்து வந்தவை இன்னும் கிளம்பியிருக்காது. இரண்டு கூட்டமும் ஒரே மரத்தில் இருக்கிற காலம் இது. என் தலையெழுத்து, எங்கள் தொழிலுக்கு மார்ச்தான் ஆண்டு முடிவு. ராத்திரி பத்துக்கு வீடு திரும்புகிற மாதம். ஆகவே காலையில் காப்பி டம்ளரோடு கிணற்றுத் திண்டில் உட்காரும் கொஞ்ச நேரம்தான் மிச்சம்.

முதலில் காதில் விழுவது செம்மார்புக் குக்குறுவான். டொங்க், டொங்க், டொங்க் என்று ஒரே சீராக உலோகத்தில் தட்டுகிற சத்தம். வெயில் ஏற ஏற விடாமல் தட்டும். அலகைத் திறக்காமலே கூவும். தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்கும். தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே கூவுவதால் சத்தம் ஒருசமயம் அரசமரத்திலிருந்தும் ஒருசமயம் அடுத்த தெருவிலிருந்தும் வருவது போலிருக்கும். இந்தச் சத்தத்தை வருஷக்கணக்காகக் கேட்டும் ஆளைப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய உண்டு. ஏதோ பம்புசெட் சத்தம் என்று நினைத்திருந்ததாக ஒரு அண்ணாச்சி சொன்னார். பறவை சுமார் 17 செ.மீ. நீளம்தான். உடம்பு பச்சை, நெற்றியும் மார்புப் பட்டையும் சிவப்பு. இலைக்கு நடுவில் பச்சை யாருக்குமே தெரியாது, எனக்குச் சிவப்பும் கிடையாது. அதனால் நான் இலைப் பக்கம் தேடுவதே இல்லை. காலையில் வெயில் காய அது மொட்டைக் கொம்பின் உச்சிக்கு வரும். பெரிய தலை, கழுத்தே இல்லாத மாதிரி ஒரு உடம்பு, தடித்த அலகு, குட்டை வால். அந்த நிழலுருவம் வேறு எந்தப் பறவைக்கும் இங்கே கிடையாது. பைனாகுலரில் கண்ணைச் சுற்றியிருக்கும் மஞ்சளும் தெரிந்துவிடும், அது எனக்கும் தெரியும்.

குக்குறுவான் பட்டுப்போன கொம்பைத்தான் துளைத்துக் கூடு வைக்கும். வேம்பில் அப்படி ஒரு கொம்பு இருக்கிறது. ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லுங்கள் என்று மனைவி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொம்பின் அடிப்பக்கத்தில் அளவெடுத்தது போல வட்டமாக ஒரு ஓட்டை விழுந்ததைப் பார்த்த பிறகு அவளே, "சரி, கெடக்கட்டும்" என்றுவிட்டாள்.

குயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூவுவது கறுப்பு ஆண். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புக் குயில்தான் பெண். அது கிக்-கிக்-கிக் என்று கத்தும், கூவாது. காக்கை சுள்ளியும் கம்பியும் தூக்கத் தொடங்கும்போது குயிலின் கூவலும் ஏறும். இரண்டும் ஒரே பேரேட்டின் பற்றும் வரவும். ஆண்குயிலின் சிவப்புக் கண்ணைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் பார்ப்பது நீண்ட வாலையும் வெளிறின அலகையும். காக்கைக்கு இரண்டுமே கிடையாது.

அதிக நேரம் போவது முருங்கை மரத்தடியில். தேன்சிட்டுகள். எங்கள் வீட்டுக்கு வருவது மூன்று வகை. மிகச் சின்னது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆணுக்கு அடிவயிறு மஞ்சள், நெஞ்சில் இருண்ட பட்டை. பெண்ணுக்குத் தொண்டை வெளுப்பு, வயிறு மஞ்சள். வருஷம் முழுக்க அதே உடைதான். அடுத்தது ஊதாத் தேன்சிட்டு. இதன் ஆண் கூடு வைக்கும் காலத்தில் முழுக்க இருண்டிருக்கும், மற்ற காலத்தில் பெண்ணைப் போல மஞ்சளாகிவிடும். மாசியில் அது பாதி மாறியும் மாறாமலும் நிற்பதைப் பார்க்கலாம்: மஞ்சள் வயிற்றின் நடுவே தொண்டையிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு, தோளில் அங்கங்கே திட்டுகள். ஒவ்வொரு வாரமும் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளைத் தின்னும். பங்குனியில் ஒரு நாள் பார்த்தால் மஞ்சளே இருக்காது. மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. இலங்கையில் 18-ஆம் நூற்றாண்டில் டச்சு ஆளுநராக இருந்தவர் லோட்டன். பறவைக்கு அவர் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இதன் ஆணும் இருண்ட நிறம்தான். ஊதாத் தேன்சிட்டிலிருந்து பிரிக்க மார்பில் இருக்கும் அரக்குப் பட்டையைப் பார் என்று கையேடு சொல்லும். நான் அலகைப் பார்ப்பேன். லோட்டனின் அலகு தலைக்குப் பொருந்தாத நீளம், நன்றாக வளைந்தது. மரத்தடியில் நின்று வானத்துக்கு எதிராகப் பார்த்தாலே போதும்.

தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புகிற விதத்தால் வருவது. கோணம் மாறினால் நீலம், ஊதா, பச்சை என்று மாறும். நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். ஆகவே தேன்சிட்டு விஷயத்தில் எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் ரொம்ப இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று: நம் கண்ணில் நிறத்தை உணர மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருந்தால், பகலில் திரியும் பறவைகளுக்குப் பொதுவாக நான்கு. புற ஊதாக் கதிரையும் பல பறவைகள் பார்க்கும். அவை ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பது இஷிஹாரா புத்தகத்தை மூச்சுவிடாமல் வாசித்தவர்களுக்கும் தெரியப்போவதில்லை. இதை நினைக்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கூடு கட்டும் வேலை தொடங்கினால் ஊதாத் தேன்சிட்டு ஆணுக்குக் கோபம் வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சாரின் பைக் கண்ணாடியில் தெரிகிற சிட்டை எதிரியென்று நினைத்து, காலையெல்லாம் கொத்திக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க எச்சம். அவர் இப்போது இரண்டு கண்ணாடிக்கும் பழைய துணிப்பையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார். பெண் அந்த நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். செம்பருத்திக் கொம்பின் நுனியில் தொங்கவிட்ட அந்தக் கூட்டைப் பார்த்தால் குப்பை மாட்டியிருக்கிறது என்று கையை நீட்டத் தோன்றும். ஒட்டடை, பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம், காய்ந்த இலைச்சருகு எல்லாம் சிலந்தி நூலால் கட்டப்பட்டிருக்கும். வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரமும் உண்டு. ஒட்டடை அடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த இரண்டு மாதம் வெளிச் சுவரையும் கொடிக் கம்பியையும் விட்டுவிடுங்கள்.

நிறத்தை நம்புகிறவர்கள் தடுமாறுகிற இடமும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிற இடமும் ஒன்றுதான்: பழுப்புப் பொடிக்குருவிகள். வேலியிலும் செடியிலும் எலி மாதிரி ஓடுகிற, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாத சின்னப் பறவைகள். தையல்சிட்டு வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு திரியும். பத்து கிராம்கூட இல்லாத உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருவதை நம்ப முடியாது. ட்விட்-ட்விட்-ட்விட் என்று சமையலறை வரை கேட்கும். கொய்யா இலையையோ வாழைக்கு அடியில் முளைத்த அகல இலையையோ ஓரங்களில் ஓட்டையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துவிடும். சாம்பல் கதிர்க்குருவியும் இலை தைக்கும், அதனால் கூட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கதிர்க்குருவி பறக்கும்போது சடசடவென்று ஒரு சொடுக்குச் சத்தம் வரும், மின்கம்பியில் பொறி பறக்கிற மாதிரி. தையல்சிட்டிடம் அது இல்லை. ஒருதடவை கேட்டுவிட்டால் மறக்காது.

இந்த இரண்டும் உள்ளூர். இவற்றோடு அதே வேலியில் நாணல் கதிர்க்குருவி ஒன்று ஒளிந்திருக்கும். பிளைத் என்பவரின் பெயரை முன்னால் சேர்த்துச் சொல்வார்கள். ஆளைப் பார்ப்பது அபூர்வம். ட்செக்... ட்செக்... என்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம் மட்டும் வரும். ஐப்பசியிலிருந்து அந்தச் சத்தம் வேலியிலேயே இருக்கும்; பழகிப்போய்க் காது அதை விட்டுவிடும். பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள அது கூடு வைப்பது பின்லாந்திலும் ரஷ்யாவிலும் அதற்குக் கிழக்கேயும். பங்குனிக்கு அப்புறம் அத்தனை தூரம் திரும்பிப் போக வேண்டும். மரத்தின் மேல்தட்டில் ச்சி-வீ என்று கூப்பிடுவது பச்சைக் கதிர்க்குருவி, அதுவும் வடக்கே போகிறதுதான். வேலிக்குள் ட்செக் என்றால் ஒன்று, உச்சியில் ச்சி-வீ என்றால் இன்னொன்று. இரண்டையும் பைனாகுலரில் நேராகப் பார்த்தால்கூட இவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது.

கரிச்சானிலும் இந்தக் கதைதான். கரிச்சான் என்று நாம் பொதுவாகச் சொல்வது மின்கம்பியிலும் மாட்டு முதுகிலும் உட்காரும் இரட்டைவால் குருவி. குளிர்காலத்தில் சாம்பல் கரிச்சானும் வரும். அதற்குக் கண் சிவப்பு, உடம்பு சாம்பல் என்று சொல்லித்தருவார்கள். எனக்கு இரண்டும் கறுப்பு. ஆனால் சாம்பல் கரிச்சான் தாழ்ந்து வராது. மரத்தின் மேல் பாதியில் கிளை நுனியில் உட்கார்ந்து, எகிறிப் பூச்சியைப் பிடித்துவிட்டு அங்கேயே திரும்பும். வயல் நடுவில் கம்பியில் உட்கார்ந்திருப்பதை நான் சாம்பல் என்று எழுதியதே இல்லை. உள்ளூர்க் கரிச்சான் வல்லூறு போலவும் கத்திக் காட்டும், அது தனித் தலைவலி. உண்மையான வல்லூறு வந்தால் அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அணில் விடாமல் கீச்சிடும், தவிட்டுக்குருவிக் கூட்டம் மொத்தமும் வேலிக்குள் விழுந்து கத்தும். தவிட்டுக்குருவி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிற பறவை. தெருவில் குப்பையைக் கிளறுவதால் யாரும் மதிப்பதில்லை. எங்கள் வளவில் காவல் வேலை அவற்றினுடையதுதான். பாம்புக்கு ஒரு கத்தல், பூனைக்கு ஒரு கத்தல் என்று என் மகள் பிரிக்கிறாள். எனக்கு இன்னும் அந்த அளவுக்குக் காது வரவில்லை.

மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது படிக்கிறாள். நிறம் சொல்கிற வேலை அவளுடையது. எங்கள் நோட்டில் நிறம் என்ற பத்தி அவள் கையெழுத்தில்தான் இருக்கும். முதலில் எல்லாம் அவள் நிறத்திலேயே நின்றுவிடுவாள்.

"அப்பா, வேலில ஒண்ணு இருக்கு. வாலுக்குக் கீழ ரத்தச் செவப்பு."

"கொண்டை இருக்கா?"

"இருக்கு."

"ஜோடியா வந்திருக்கா?"

"அன்னா, இன்னொண்ணும் இருக்குப்பா. கோவப்பழம் திங்குது."

கொண்டைக்குருவி. செங்குதச் சின்னான் என்று கையேட்டில் இருக்கும். சிவப்பைக் கேட்காமலே முடிந்துவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கோவைக்காய் பழுத்ததையும் ஆலம்பழம் பழுத்ததையும் எனக்குப் பறவைகள்தான் சொல்லியாக வேண்டும். மரம் முழுக்கப் பழமாக இருந்தாலும் என் கண்ணுக்குக் காயும் பழமும் ஒன்று. அதே வேலியில் வெண்புருவச் சின்னானும் உண்டு. பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துப் பொங்குவது போலத் திடீரென்று பொழபொழவென்று கத்திவிட்டு, உடனே அடங்கிவிடும். ஆளைக் காண்பதற்குள் வேறு புதருக்குப் போய்விடும். பார்க்காமலே நோட்டில் எழுதுகிற பறவை அது.

ஒரு விஷயத்தில் மட்டும் மகள் இல்லாமல் எனக்கு முடியாது: பொன்முதுகு மரங்கொத்தி. ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு, பெண்ணுக்கு முன்னந்தலை மட்டும் கறுப்பில் வெள்ளைப் புள்ளி. தென்னையில் அது ஏறுகிற வேகத்தில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். பங்குனியில் ஜோடியாக வரும்போது, "மேல இருக்கது ஆம்பள, கீழ பொம்பள" என்று அவள் சொன்னால் எழுதிக்கொள்வேன்.

சிட்டுக்குருவி எங்கள் வீட்டில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஆணின் தொண்டையில் இருக்கும் கறுப்பு இந்தக் காலத்தில் பெரிதாகத் தெரியும். அது புதிதாக முளைப்பதில்லை. இறகின் நுனியில் இருக்கும் வெளிர் ஓரம் தேய்ந்துபோய், அடியிலிருந்த கறுப்பு வெளியே வருகிறது. தேன்சிட்டு சட்டையை மாற்றுகிறது, சிட்டுக்குருவி பழைய சட்டையைத் தேய்த்தே மாப்பிள்ளை ஆகிவிடுகிறது. மார்ச் 20 சிட்டுக்குருவி நாள் வந்தால் செல்போன் கோபுரத்தால் குருவியே அழிந்துவிட்டது என்று வாட்ஸப்பில் வந்து குவியும். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வேறு மாதிரிச் சொல்கிறது: நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. கோபுரத்துக்கும் அதற்கும் தொடர்பிருப்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. குஞ்சுக்குப் பூச்சி வேண்டும், கூட்டுக்கு ஓட்டை வேண்டும். கண்ணாடியும் கிரானைட்டும் ஒட்டிய வீட்டில் இரண்டும் கிடையாது. இதை நான் குடும்பக் குரூப்பில் வருஷா வருஷம் போடுகிறேன். ஒரு சித்தப்பா வருஷா வருஷம் கோபுரப் படத்தைத் திருப்பி அனுப்புகிறார்.

சாயங்காலம் வீட்டில் இருக்கக் கிடைத்தால் மேற்கே பார்க்க வேண்டும். சூறைக்குருவிக் கூட்டம் அடையப் போகும் நேரம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை கூடு வைக்கிற பறவை, குளிர்காலத்துக்கு எங்கள் சீமைக்கு ஆயிரக்கணக்கில் வரும். தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு இளஞ்சிவப்பு என்பார்கள். எனக்கு அது அழுக்கு வெள்ளை. போகும் காலம் நெருங்க நெருங்க நிறம் கூடும் என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தேன். இதுவும் சிட்டுக்குருவி போல இறகு நுனி தேய்ந்து வருவதுதான். ஆனால் கூட்டத்தை அடையாளம் காண நிறம் எதற்கு? வானத்தில் ஒரு துணியை உதறியது போல மொத்தமும் ஒரே சமயத்தில் திரும்பும். மைனா அப்படிச் செய்யாது. பகலில் இலவம் பூவிலும் அரசம்பழத்திலும் இரைச்சலோடு விழும். சித்திரையில் கிளம்பிவிடும்.

ஆறுமணிக்குருவி தனி. காலையும் மாலையும் ஆறுமணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், எங்கள் பக்கத்தில் அதனால்தான் அந்தப் பெயர். ஐப்பசியில் வருகிறபோது களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுவதுண்டு. திரும்பிப் போகும் பங்குனி, சித்திரையில் வாழையடிச் சருகைப் புரட்டித் தத்தித் தத்திப் போவதைப் பார்க்கலாம். உடம்பில் ஒன்பது நிறம் என்று சொல்வார்கள். எனக்கு நாலைந்துதான் எண்ண வருகிறது. குட்டை வாலும் நீண்ட காலும் நிமிர்ந்த நடையும் இருக்கிற அப்படி ஒரு உருவம் வாழையடியில் வேறு எதற்கும் இல்லாததால் நஷ்டம் எனக்கில்லை.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போவார்கள். எங்கள் சாஸ்தா குளத்தங்கரையில் மருத மரத்தடியில் இருக்கிறார். பொங்கல் வேகும் வரை எனக்கு அங்கே வேலை இல்லை, பைனாகுலரோடு கரையில் நடந்துவிடுவேன். மடையான் அந்தச் சமயத்தில் முதுகுக்கு ஒரு அரக்குப் போர்வை போட்டிருக்கும். உண்ணிக்கொக்கின் தலையில் மஞ்சள் ஏறியிருக்கும். மடையானின் போர்வை எனக்குக் கறுப்பு. ஆனால் மற்ற காலத்தில் கழுத்திலும் மார்பிலும் இருக்கும் கோடுகள் மறைந்திருப்பதை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம். வழியில் கூந்தன்குளமும் உண்டு. 1994-இல் சரணாலயமான ஊர். அங்கே புறவாசல் பறவை என்றால் மஞ்சள்மூக்கு நாரைதான். வீட்டு வளவில் நிற்கிற மரங்களிலேயே கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும். கீழே துணி காயப்போட முடியாது. ஊரார் வெடி வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். கரண்டிவாயன், கூழைக்கடா, நாரை என்று எல்லாம் அலகு வடிவத்திலேயே தங்களை அறிவித்துவிடுகிற ஊர் என்பதால் எனக்கு அது சொர்க்கம்.

பறவையின் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடத்தார் இலவசமாகத் தருவது. நானும் வைத்திருக்கிறேன். அது சொல்வதைத் துப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கரிச்சான் வல்லூறு போலக் கத்தினால் நாமே ஏமாறுகிறோம், போன் எம்மாத்திரம்? மரத்தில் கீச்-கீச் என்று மணிக்கணக்கில் கத்துவது பல நேரம் அணில் என்பதையும் நினைவில் வையுங்கள். பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்க வீட்டுப் பக்கப் பறவைகளை எண்ணுவார்கள். பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். நம் மாநிலத்தில் பொங்கல் விடுமுறையில் தனியாக ஒரு கணக்கெடுப்பும் நடக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: பைனாகுலர் வாங்கினால் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. இருப்பதால் விடியற்காலை வெளிச்சம் போதும். அதற்கு மேல் பெரிதாக்குவதை வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

பங்குனி வெயில் ஏறியதும் மண்சட்டியில் தண்ணீர் வைக்கத் தொடங்கிவிடுவோம். ஆழமான பாத்திரம் வேண்டாம், இரண்டு அங்குலம் போதும், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில், ஆனால் பக்கத்தில் ஏறிக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிற மாதிரி வையுங்கள். கொசு முட்டையிடாமலிருக்கத் தினமும் கொட்டிக் கழுவ வேண்டும். எங்கள் சட்டிக்குத் தவிட்டுக்குருவி குளிக்க வரும், கொண்டைக்குருவி குடிக்க வரும், காக்கை சமைக்க வரும். எங்கிருந்தோ காய்ந்த ரொட்டி, மீன் முள், கறிக்கடை எலும்பு எல்லாம் கொண்டுவந்து அதில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுப் போய்விடும். "என்னங்க, உங்க சட்டில மறுபடியும் எலும்பு கெடக்கு" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும். வீட்டில் எல்லாப் பாத்திரமும் அவளுடையது, அந்தச் சட்டி மட்டும் என்னுடையது. ஆண்டு முடிவுக் கணக்கு நெருக்குகிற காலத்திலும் அதைத் தேய்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.